தொட்டால் பாடும் சிலைகள்

பொருட்காட்சி சாலைக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது சிலையை அல்ல. "தொடாதீர்கள்" என்ற பலகையைத்தான். கண்ணால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். கைகளை மட்டும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். குழந்தைகளை அழைத்துச் சென்று வந்தவர்களுக்கு இந்தப் பலகையின் மகிமை நன்றாகத் தெரியும்!

அமெரிக்காவில், பென்ஸில்வேனியா மாகாணத்தில், பார்ட்டோ என்ற கிராமப்புறத்தில் பழைய கல் களஞ்சியம் ஒன்று உண்டு. விவசாயத்துக்காகக் கட்டிய கட்டடம் அது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து பல்லாண்டுகள் அதற்குள் ஏறக்குறைய நூறு சிலைகள் நின்றன. மனித உருவம் கிடையாது. மிருக உருவமும் கிடையாது. கனத்த உலோகத் தகடு ஒன்று கீழே. அதன்மேல் நாற்று நட்டதுபோல் வரிசை வரிசையாக உலோகக் கம்பிகள். சில முழங்கால் உயரம். சில இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே. அங்கே வந்த விருந்தாளிகளிடம் "தொடாதீர்கள்" என்று யாரும் சொல்லவில்லை. சிலைகளைச் செய்தவரே முன்னால் நடந்து போய், கோதுமைக் கதிரை வருடுவதுபோல் கம்பிகளின் தலையைக் கையால் வருடிக் காட்டினார்.

வருடியதும் கம்பிகள் ஒருபக்கமாகச் சாயும், நிமிரும், ஒன்றோடொன்று மோதும். முதலில் வரும் சத்தம் மழைத்துளி ஓட்டின்மேல் விழுவது போன்ற சலசலப்பு. அது அடங்கும்போதுதான் அடியில் வேறு ஒன்று இருப்பது காதுக்குத் தெரியும். தூரத்திலே பல மணிகளை அடித்து நிறுத்திய பிறகும் காற்றில் நிற்கிறதே, அப்படிப்பட்ட ரீங்காரம். அது மெல்ல ஏறி இறங்கி, போய்விட்டது என்று நினைத்தபின்னும் போகாமல் நிற்கும்.

இவற்றைச் செய்தவர் பெயர் ஹாரி பெர்டோயா. பெயரைக் கேள்விப்படாதவர்களும் அவர் செய்த பொருள் ஒன்றின்மீது உட்கார்ந்திருக்கக் கூடும். அது ஒரு நாற்காலி. அந்தக் கதை பின்னால் வருகிறது.

இத்தாலியிலிருந்து டெட்ராய்ட்

பெர்டோயா 1915-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி, இத்தாலியின் வடகிழக்கே பிரியூலிப் பிரதேசத்தில் ஸான் லாரென்ஸோ என்ற சிற்றூரில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ஆரியெட்டோ. பையனாக இருக்கும்போதே கோடு போடும் கை அவருடையது. ஊரில் கல்யாணம் என்றால் மணப்பெண்கள் தங்கள் துணிகளில் பூவேலை செய்வதற்குச் சித்திரம் போட்டுத் தரும்படி இவரிடம் வருவார்களாம்.

அண்ணன் ஓரெஸ்டே முன்னமே அமெரிக்காவுக்குப் போய் டெட்ராய்ட் நகரில் குடியேறியிருந்தார். 1930-ல், 15 வயதில், தம்பியும் அங்கே போய்ச் சேர்ந்தார். ஆரியெட்டோ என்ற பெயர் அமெரிக்கர் வாயில் நுழையவில்லை, ஹாரி ஆகிவிட்டது. தொழிற்கல்விப் பள்ளியில் நகை வேலை கற்றார். 1937-ல் கிரான்புரூக் கலைக் கழகத்தில் உபகாரச் சம்பளத்துடன் இடம் கிடைத்தது. இரண்டே வருஷத்தில் அங்குள்ள உலோகப் பட்டறைக்கே பொறுப்பாளரானார்.

அதற்குள் யுத்தம் வந்தது. உலோகமெல்லாம் யுத்த தளவாடத்துக்குப் போயிற்று. பட்டறையில் பெரிதாக எதுவும் செய்ய வழியில்லை. கையளவு உலோகத்தில் செய்யக் கூடியது நகைதான். ஆகவே அவர் நகை செய்தார். கழகத்தில் பழக்கமான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே தம்பதியின் கல்யாண மோதிரத்தைக்கூட அவர்தான் செய்து கொடுத்தார். அந்த ஈம்ஸ் தம்பதி பிற்காலத்தில் நாற்காலி வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்றவர்கள். பெர்டோயா 1943-ல் பிரிகிட்டா என்ற பெண்ணை மணந்து, கலிபோர்னியாவுக்குப் போய் இவர்களுடன் சில ஆண்டுகள் ஒட்டுப்பலகையை வளைக்கும் வேலையில் ஈடுபட்டார். 1946-ல் விலகிக்கொண்டார்.

1950-ல் நோல் நாற்காலிக் கம்பெனியார் அவரைப் பென்ஸில்வேனியாவுக்கு அழைத்தார்கள். கம்பெனியை நடத்திய பிளாரன்ஸ் நோல் அம்மையாரும் கிரான்புரூக்கில் படித்தவரே. இன்னதுதான் செய்ய வேண்டும் என்று அவர்கள் கட்டளையிடவில்லை. பெர்டோயா இரும்புக் கம்பியைப் பின்னி, வலை போல் வளைத்து, அதையே நாற்காலியாக்கினார். 1952-ல் அது விற்பனைக்கு வந்தது. "வைர நாற்காலி" என்று பெயர் பெற்ற அது இன்றுவரை விற்பனையாகிறது. "பெரும்பாலும் காற்றினால் செய்த நாற்காலி" என்பது போல அவர் அதைப் பற்றிச் சொல்வதுண்டு. காற்றை விற்றுக் காசாக்கியவர் என்று யாராவது வேடிக்கையாகச் சொல்லியிருந்தால் தப்பில்லை!

அந்த வருமானம் பெரிய உபகாரம் செய்தது. மற்றொருவராக இருந்தால் இரண்டாவது நாற்காலி, மூன்றாவது நாற்காலி என்று போயிருப்பார். பெர்டோயா நாற்காலியை அதோடு விட்டார். பார்ட்டோவில் வீடு, பக்கத்தில் பாலி என்ற சிற்றூரில் பட்டறை. இனி சிற்பம்தான் என்று உட்கார்ந்துவிட்டார். பெரிய கட்டடங்களிலிருந்து வேலைகள் வந்தன. நியூயார்க்கில் ஒரு பாங்கிக்கு 1954-ல் 70 அடி நீளத்துக்கு உலோகத் திரை அமைத்தார். மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பிரார்த்தனைக் கூடத்தில், 1955-ல், பலிபீடத்தின்மேல் சின்னஞ்சிறு உலோகத் துண்டுகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டார். மேலே உள்ள வட்டத் திறப்பின் வழியாக வெயில் இறங்கும்போது வெளிச்சமே உதிர்ந்து விழுவதுபோல் இருக்கும். ஆனால் இவையெல்லாம் பேசாத சிற்பங்கள்.

கம்பி மோதியது

1960-ஐ ஒட்டிய சமயம். பட்டறையில் ஒரு கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார். அது கையைவிட்டுத் தெறித்துப் போய்ப் பக்கத்துக் கம்பியில் மோதியது. "டிங்!" என்று ஒரு நாதம். பட்டறையில் உலோகம் சத்தம் போடுவது புதிதா? நாள் முழுவதும் அதுதானே வேலை! ஆனால் அன்று பெர்டோயாவுக்குத் தோன்றியது ஒரு கேள்வி. இரண்டு கம்பிக்கே இவ்வளவு இனிமையான சத்தம் என்றால், பத்துக் கம்பி இருந்தால் எப்படி இருக்கும்? நூறு இருந்தால்?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதிலேயே அவருடைய ஆயுளின் கடைசிப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன.

சங்கீத உலகத்திலும் அப்போது ஒரு கலகம் நடந்துகொண்டிருந்தது. எது சங்கீதம், எது வெறும் சத்தம் என்று வரம்பு கட்டியது யார் என்று சிலர் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். 1952-ல் ஜான் கேஜ் என்ற அமெரிக்கர் இயற்றிய ஓர் உருப்படியில் வித்வான் பியானோவின் முன்னால் நாலு நிமிஷம் 33 விநாடி உட்கார்ந்திருப்பார். ஒரு ஸ்வரமும் வாசிக்க மாட்டார். மண்டபத்தில் அந்த நேரத்தில் என்ன சத்தம் கேட்கிறதோ அதுவே கச்சேரி. பாரிஸில் பெர்னார் பாஷே, பிரான்ஸுவா பாஷே என்ற சகோதரர்கள் வேறொரு வழி கண்டார்கள். ஒருவர் இஞ்சினீயர், மற்றவர் சிற்பி. கண்ணாடிக் குச்சிகளை உலோகத்தில் பொருத்தி, ஈர விரலால் தேய்த்தால் பாடும்படி ஒரு வாத்தியம் செய்தார்கள். ஒலியைப் பெரிதாக்குவதற்கு விரிந்த இதழ்போல் உலோகத் தகடுகள். வாத்தியமா சிலையா என்று தீர்மானிக்க முடியாத உருவம். குழந்தைகள் தட்டி வாசிப்பதற்கென்றே அவர்கள் கருவிகள் செய்தார்கள் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

பாஷே சகோதரர்கள் செய்தவற்றில் ஸ்வரம் பிடித்து ராகம் வாசிக்கலாம். பெர்டோயாவின் கம்பிகளில் அது முடியாது. ஒரு கம்பியைத் தனியே தொட்டு ஒரு ஸ்வரத்தை எழுப்புவது அவர் நோக்கமே அல்ல. எல்லாக் கம்பியும் சேர்ந்து எழுப்பும் ஒலி எப்படித் தோன்றி, எப்படித் தேய்ந்து, எப்படி மறைகிறது என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. தாளம் கிடையாது, பல்லவி கிடையாது. இதையெல்லாம் சங்கீதம் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கலாம். தம்பூராவை மட்டும் தனியே மீட்டச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டிருப்பவர்களுக்கு இதில் சங்கடம் இராது.

கம்பியின் கணக்கு

தம்பூராத் தந்திக்கு இரண்டு முனையிலும் பிடிப்பு உண்டு. தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இரு மடங்காகும். சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். பெர்டோயாவின் கம்பிக்கு அடியில் மட்டும் பிடிப்பு; தலை சுயேச்சையாக ஆடுகிறது. இதற்குக் கணக்கு வேறு. நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு நாலு மடங்கு! இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். ஆகவே ஒரு கம்பியில் சிறிது வெட்டினாலும் நாதம் வெகுதூரம் மாறிவிடும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தந்தி அதிரும்போது அதன் முக்கிய ஸ்வரத்தோடு, அதைப்போல் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று ஒழுங்கான துணை நாதங்கள் பிறக்கின்றன. அதனால்தான் காதுக்கு அது ஒரே ஸ்வரமாகக் கேட்கிறது. ஒரு முனை மட்டும் பிடித்த கம்பியில் துணை நாதங்கள் ஏறக்குறைய 6¼ மடங்கு, 17½ மடங்கு என்று கண்டபடி தாவுகின்றன. ஒழுங்குக்குள் அடங்காத இந்தக் கூட்டுதான் மணியோசை போன்ற குணத்தைத் தருகிறது. உயரமான கம்பிகளின் முக்கிய அதிர்வு விநாடிக்கு ஓர் ஆட்டம்கூட இராது. அது காதுக்குக் கேட்பதில்லை; கண்ணுக்குத்தான் தெரியும். காதில் விழுவது மோதலும் துணை நாதங்களும். பார்ப்பதற்கு மெதுவாக ஆடிக்கொண்டிருக்கும் கம்பிக் கூட்டத்திலிருந்து அதற்குச் சம்பந்தமே இல்லாததுபோல் விறுவிறுவென்று சத்தம் வருவதன் ரகசியம் இதுதான்.

பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் ஒரே அளவாக இருந்தாலும் இம்மி வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அதனால் இரண்டின் நாதங்களும் ஒரு கணம் சேர்ந்து பலக்கும். மறுகணம் விலகித் தணியும். ரீங்காரம் ஏறி இறங்குவதாகத் தோன்றுவது இதனால்தான்.

சில கம்பிகளின் தலையில் உருளை வடிவிலோ நீர்த்துளி வடிவிலோ ஒரு கனத்தை வைத்தார். கனம் கூடினால் ஆட்டம் மந்தமாகும்; மோதல் பலக்கும். கம்பி செய்யும் உலோகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பித்தளை, வெண்கலம், நிக்கல் கலந்த உலோகங்கள் என்று பலவற்றைச் சோதித்தார். அவர் மிகவும் விரும்பிய உலோகம் பெரிலியம் சேர்ந்த தாமிரம். தாமிரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு போலப் பெரிலியம் சேர்த்துப் பக்குவப்படுத்தினால் அது ஸ்பிரிங் எஃகைப் போல் விறைத்துக்கொள்ளும். எவ்வளவு வளைத்தாலும் நிமிர்ந்து நிற்கும். ஒலியை உள்ளுக்குள் விழுங்கிவிடாமல் நெடுநேரம் நிற்கவிடும். இந்த உலோகத்தின் மறுபக்கம் பின்னால் தெரிய வரும்.

கம்பிச் சிலைகளோடு கனத்த உலோகச் சட்டங்களைத் தொங்கவிட்டுப் பாட வைத்தார். ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட வட்டச் சேகண்டிகளும் செய்தார். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் புனைந்த பெயர் "ஸோனாம்பியன்ட்". ஒலி என்ற சொல்லையும் சூழ்தல் என்ற சொல்லையும் ஒட்டவைத்த பெயர் அது.

களஞ்சியத்தில் கச்சேரி

வீட்டை அடுத்த களஞ்சியத்தை அவர் இவற்றுக்காகவே செப்பனிட்டார். மரத்தளம் போட்டார். எந்தச் சிலை எதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கண்ணால் அல்ல, காதால் தீர்மானித்தார். ஒன்று எழுப்பும் ஒலியில் மற்றது தானே அதிரும்படி இருந்தால் அங்கேயே நிற்கும். இல்லாவிட்டால் இடம் மாறும். கட்டடமே வாத்தியத்தின் குடமாகிவிட்டது.

அண்ணன் ஓரெஸ்டேக்கு இசையில் ஈடுபாடு அதிகம். அவர் வரும்போதெல்லாம் சகோதரர்கள் இருவருமாகச் சிலைகளுக்கிடையில் நடந்து வாசித்தார்கள். கூரையிலிருந்து நாலு மைக்குகளைத் தொங்கவிட்டு ஒலிப்பதிவு நாடாவில் பதிவு செய்தார்கள். பதிவு செய்ததை மறுபடி ஓடவிட்டு, அதற்குமேல் இன்னொரு தடவை வாசித்துச் சேர்ப்பதும் உண்டு. இப்படிச் சேர்ந்த நாடாச் சுருள்கள் 300-க்கு மேல். அவற்றிலிருந்து முதல் இசைத்தட்டு 1970-ல் வெளியாயிற்று.

பெர்டோயாவுக்கு ஒரு விசித்திரப் பழக்கம்: தம் சிற்பங்களில் கையெழுத்துப் போடுவதில்லை. பெயர் வைப்பதும் அநேகமாக இல்லை. தாம் கண்டெடுத்ததே தவிர, தமக்குச் சொந்தமானதல்ல என்ற எண்ணம். எண்ணம் உயர்ந்ததுதான். பிற்காலத்தில் இது அசலா போலியா என்று தேடி அலைகிறவர்களுக்குத்தான் தலைவலி!

நகரங்களும் பாடும் சிலை கேட்டன. அவற்றில் பெரியது சிகாகோவில். அங்கே ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி 83 மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பியது. அதன் முன்னால் பெரிய நீர்த் தடாகம் வெட்டி, அதில் 11 கம்பிச் சிலைகளை 1975-ல் நிறுத்தினார் பெர்டோயா. சிகாகோ காற்றுக்குப் பெயர் போன ஊர். அங்கே கை தேவையில்லை. ஏரிக்கரைக் காற்றே வாசித்தது. ஆபீஸுக்குப் போகிறவர்கள் மத்தியான்னச் சாப்பாட்டுப் பொட்டலத்துடன் கரையில் உட்கார்ந்து கேட்கலாம், டிக்கெட் கிடையாது.

அந்தக் கட்டடத்தின் சுவருக்கு இத்தாலியிலிருந்து கராரா சலவைக்கல் வரவழைத்து ஒட்டியிருந்தார்கள். சிகாகோவின் குளிரும் வெயிலும் தாங்காமல் கற்கள் வளைந்து போயின. 1990-லிருந்து 1992-க்குள் அத்தனையையும் பெயர்த்துவிட்டுக் கருங்கல் பதிக்க நேர்ந்தது. இத்தாலியக் கல் தோற்றது. இத்தாலியர் நட்ட கம்பி நின்றது. ஆனால் அதற்கும் வந்தது காலம். 1994-ல் முற்றத்தைத் திருத்தி அமைத்தபோது பழைய தடாகம் போயிற்று. சிலைகள் கூட்டம் கலைந்தன. 2013-ல் அவற்றில் சில ஏலத்துக்கு வந்தன. பதினொன்றும் ஒரே காற்றில் ஒருமித்துப் பாடியதை இனிக் கேட்க வழியில்லை.

சேகண்டியின் கீழே

பெரிலியம் வெறும் உலோகமாக இருக்கும்போது சாதுதான். அதை உருக்கும்போது எழும் புகையும், அராவும்போது பறக்கும் தூளும் நுரையீரலுக்கு விஷம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1993-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதை முதல் பட்டியலிலேயே சேர்த்தது. பெர்டோயா பட்டறையில் வெட்டியதும் பற்றவைத்ததும் அதற்கு வெகுகாலம் முன்னால்.

1970-களின் பிற்பகுதியில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் கண்டது. பட்டறையின் உலோகப் புகைதான் காரணம் என்று நெருங்கியவர்கள் கருதினார்கள். கடைசி மாதங்களில் அவர் புதிய சிலை செய்யும் வேலையைக் குறைத்துக்கொண்டு, நாடாக்களிலிருந்து இன்னும் 10 இசைத்தட்டுகளுக்கு வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்தார். தாம் போனபின் கம்பிகளை எப்படிப்பட்ட கை தொடுமோ, தொடாமலே விடுமோ. தம் கை எப்படித் தொட்டது என்பதற்கு அந்தத் தட்டுகளைத் தவிர வேறு சாட்சி ஏது? 1978 நவம்பர் 6-ந் தேதி, 63-ம் வயதில், காலமானார். களஞ்சியத்துக்குப் பின்புறம், அவர் செய்த பெரிய சேகண்டி ஒன்றின் கீழே அவரை அடக்கம் செய்தார்கள்.

மகன் வால் பெர்டோயா பல ஆண்டுகள் களஞ்சியத்தைக் காத்து, வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டி வந்தார். தாமும் சிலைகள் செய்தார். மகள் ஸீலியா 2015-ல் தந்தையின் வாழ்க்கையை நூலாக எழுதினார். ஆனால் நூறு சிலைகளும் ஒரே கூரையின்கீழ் என்றென்றும் நிற்க முடியவில்லை. பலவும் பிரிந்து சேகரிப்பாளர்களிடமும் காட்சிசாலைகளிடமும் போய்விட்டன.

இங்கேதான் சிக்கல். காட்சிசாலைக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக இழுத்தால் பற்றவைத்த இடத்தில் கம்பி விட்டுப்போகும். விரல் வியர்வை பட்டால் உலோகம் கறுக்கும். ஒரு கம்பி ஒடிந்தால் அதே உலோகத்தில், அதே கனத்தில் இன்னொன்று செய்து வைத்தாலும் பழைய நாதம் வருமா என்பது சந்தேகம். ஆகவே பெரும்பாலான இடங்களில் பெர்டோயாவின் சிலைக்கு முன்னாலும் அதே பலகை: "தொடாதீர்கள்." சில இடங்களில் குறித்த நேரத்தில் பழகிய சிப்பந்தி ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து ஒரு தடவை வருடிக் காட்டுவார். கூடியிருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். மற்ற நேரமெல்லாம் சிலை ஊமை. பாடவென்று பிறந்த பொருளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமானால் பாடவிடக் கூடாது என்று ஆகிவிட்டது.

2016-ல் நியூயார்க்கில் கலை, வடிவமைப்புக் காட்சிசாலையிலும், 2022-ல் டல்லஸ் நகரின் நாஷர் சிற்பக் கூடத்திலும் பெர்டோயாவின் படைப்புகளைப் பெரிய கண்காட்சிகளாக வைத்தார்கள். 11 இசைத்தட்டுகளும் சேர்ந்து ஒரே பெட்டியாக மறுபடி வெளிவந்திருக்கின்றன. முதல் தட்டில் ஒரு பக்கத்தின் பெயர் இத்தாலிய மொழியில் "மிக அழகு, மிக அழகு, மிக அழகு" என்று பொருள்படும். சிலைகளுக்குப் பெயரே வைக்காத மனிதர், அவை எழுப்பிய ஒலிக்கு மட்டும் பெயரை மூன்று தடவை சொல்லி வைத்திருக்கிறார். ஒரு பக்கம் முழுவதும் ஒரே மூச்சாக ஓடுகிறது. முடியும்போது ரீங்காரம் தேய்ந்து, ஊசி தட்டில் உராயும் சத்தம்தான் மிச்சம் நிற்கிறது.